சாயம் ஏற்றப்பட்ட மீன்களும் நமது மனச்சாட்சியும்



சென்ற மாதம் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்தபின், நம் சபையின் வாலிபர் ஒருவர் என்னைக் காண வந்தார். செஞ்சியில் வண்ண மீன் கடை ஒன்று திறக்க அவர் ஆயத்தமாகிக்கொண்டிருக்கிறார். இடம் பார்த்து முன்பணமும் கொடுத்துவிட்டார். திறப்பு நாளில் வந்து ஜெபிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டபின், சற்றுத் தயங்கி, மொத்த வியாபாரி ஒருவர் அனுப்பிய விலைப்பட்டியலை என்னிடம் காட்டினார். "ஐயா, இதில் சாயம் ஏற்றிய மீன்கள் இருக்கின்றன, கலப்பின மீன்களும் இருக்கின்றன. லாபம் அவற்றில்தான் அதிகம். ஆனால் அது பாவம் என்று சிலர் சொல்லுகிறார்கள். நான் விற்கலாமா?" என்றார்.

அவருக்கு அன்று என்னால் பதில் சொல்ல இயலவில்லை. அறியாமை மட்டும் அதற்குக் காரணமன்று. பல ஆண்டுகளுக்குமுன், வேறோர் ஊரில் ஊழியம் செய்த காலத்தில், ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒரு மீன் தொட்டி வாங்கி வைத்தேன். அதில் விட்ட மீன்களுள் நான்கு, கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் உடலும், முதுகோரத்தில் இளஞ்சிவப்பும் நீலமுமான கோடுகளும் கொண்டவை. "தேவன் எவ்வளவு அழகாக இவற்றுக்கு வர்ணம் தீட்டியிருக்கிறார், பாருங்கள்" என்று பிள்ளைகளுக்குப் போதித்தேன். இரண்டு மாதங்களுக்குள் அந்த வர்ணம் மங்கி மறைந்தது. ஒரு மீனின் செதிலில் வெண்ணிறக் கட்டிகள் தோன்றின. பின்னர்தான் உண்மை தெரிந்தது. அந்த வர்ணத்தைத் தீட்டியவர் தேவன் அல்லர். ஒரு மனிதன் ஊசியால் அதை ஏற்றியிருந்தான். அறியாமல் சொன்னேன் என்றாலும், தேவனுடைய பெயரால் நான் சொன்னது உண்மையன்று. ஆகையால் அந்த வாலிபருக்குச் சொல்லும் பதிலை, எனக்கும் சேர்த்தே சொல்ல வேண்டியவனாக இருக்கிறேன். இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்ப்போம்.

குளத்திலிருந்து தொட்டிக்கு

நம் ஊர் நீரை மதித்த ஊர். செஞ்சிக் கோட்டைக்குள் ஆனைக்குளம், செட்டிக்குளம், சக்கரக்குளம் ஆகியவற்றை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கல்யாண மகாலின் மேல்தளங்கள்வரை மண்குழாய்களின் வழியே நீர் ஏற்றிய தொழில்நுட்பத்தை இன்றும் அங்கே காணலாம். 1597-இல் இயேசு சபைக் குருவாகிய பிமென்டா இங்கு வந்து, கிருஷ்ணப்ப நாயக்கரின் தலைநகரைக் கண்டு வியந்து எழுதினார். 2025 ஜூலையில் யுனெஸ்கோ இக்கோட்டையை, மராட்டியர் கோட்டைகள் பலவற்றோடு சேர்த்து, உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இத்தனை நூற்றாண்டுகளாக மீன் இங்கே குளத்தின் உயிராகவும், ஏழையின் உணவாகவும் இருந்தது. கண்ணுக்கு விருந்தாக மட்டும் ஒரு மீனை வளர்க்கும் வழக்கம் வேறிடத்தில் பிறந்தது.

ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்குமுன், சீனாவில் சோங் அரச மரபின் காலத்தில், சாம்பல் நிறக் கெண்டையினத்தில் இயல்பாகத் தோன்றிய பொன்னிறக் குஞ்சுகளைப் பிரித்தெடுத்துக் குளங்களில் வளர்த்தார்கள். அதுவே தங்கமீனின் தொடக்கம். அங்கிருந்து அது ஜப்பானுக்கும், 17-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கும் சென்றது. தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து இனப்பெருக்கம் செய்ததில், நிறத்தோடு உடலின் வடிவும் மாறிற்று. கண்களுக்குக் கீழே நீர்ப்பைகள் தொங்கும் வகையும், கண்கள் எப்போதும் மேல்நோக்கியே இருக்கும் வகையும் உண்டாயின. நீந்தத் தடுமாறுவதும், தன் இரையைப் பார்க்க இயலாததும் சிலருக்கு அழகாகத் தோன்றின.

கண்ணாடித் தொட்டியை வீட்டுக்குள் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர், நம் கவனத்துக்கு உரிய ஒரு விசுவாசி. ஆங்கில இயற்கையியலாளராகிய பிலிப் ஹென்றி காஸ் (1810–1888), பிரதரன் சபையைச் சேர்ந்தவர்; வேதத்தை ஆழ்ந்து நேசித்துப் பிரசங்கித்தவர். 1853-இல் லண்டன் விலங்கியல் பூங்காவில் உலகின் முதல் பொது மீன்காட்சிச் சாலை திறக்கப்பட்டபோது, அதற்கான கடல் உயிர்களைத் திரட்டித் தந்தவர் அவரே. அடுத்த ஆண்டு அவர் எழுதிய நூல் 'அக்வேரியம்' என்ற சொல்லை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. சிருஷ்டிகரின் கைவேலையைக் கண்டு ஜனங்கள் அவரைத் துதிக்க வேண்டும் என்பதே அவருடைய நோக்கம். ஆனால் நூலை வாசித்தவர்கள் வாளிகளோடும் வலைகளோடும் கடற்கரைக்கு ஓடினார்கள். அவர் நேசித்த டெவன் கரையின் பாறைக்குட்டைகள் சில ஆண்டுகளுக்குள் வெறுமையாயின. நல்ல நோக்கத்தோடு தாம் தொடங்கியது இப்படி முடிந்ததே என்று அவர் வருந்தியதை, அவருடைய மகன் எட்மண்ட் காஸ் 1907-இல் வெளியிட்ட நூலில் பதிவு செய்திருக்கிறார். பக்தியுள்ள மனிதனின் ரசனையும் சிருஷ்டிப்புக்குப் பாரமாகக்கூடும் என்பதை அந்த வரலாறு நமக்குக் காட்டுகிறது.

அந்த ஆர்வம் நம் மாகாணத்தையும் வந்தடைந்தது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சியால், 1909-இல் மெரினா கடற்கரையில் மீன்காட்சிச் சாலை ஒன்று திறக்கப்பட்டது. இந்தியாவில் இவ்வகையில் அதுவே முதலாவது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அது மூடப்பட்டது. இன்று சென்னையில் மீன் வளர்ப்போர் அனைவரும் அறிந்த பெயர் கொளத்தூர். அங்குள்ள கடைவீதியும், திருவள்ளூர் மாவட்டத்துக் கிராமங்களில் வீட்டுக் கொல்லைகளில் கட்டப்பட்ட சிமெண்ட் தொட்டிகளும் ஏராளமான குடும்பங்களுக்குப் பிழைப்புத் தருகின்றன. கப்பி, மோலி, ஃபைட்டர், ஏஞ்சல் என்று மீன்களைக் குஞ்சு பொரிக்கச் செய்து விற்கிறவர்களில் பெண்களும் பலர். இது கண்ணியமான உழைப்பு. இந்தத் தொழிலையே குறைகூற நான் வரவில்லை.

ஒரே நூலில் இரண்டு மீன்கள்

கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகிய பிரான்சிஸ் ஹாமில்டன், கங்கையிலும் அதன் கிளையாறுகளிலும் கண்ட மீன்களைக் குறித்து 1822-இல் ஒரு நூல் வெளியிட்டார். அதில் அவர் முதன்முதலாக விவரித்துப் பெயரிட்ட மீன்களுள் இரண்டு, ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப்பின் நம் கேள்வியின் நடுவில் வந்து நிற்கின்றன.

முதலாவது கண்ணாடி மீன். இந்தியாவின் குளங்களிலும் வாய்க்கால்களிலும் வாழும் சிறு மீன் இது. இதன் எலும்பும் உள்ளுறுப்புகளும் வெளியே தெரியும். கொசுப்புழுக்களைத் தின்று மனிதனுக்கு நன்மை செய்யும். இதன் தெளிவே இதன் அழகு. ஆயினும் அந்தத் தெளிவு சந்தைக்குப் போதவில்லை. ஆசியாவின் சில பண்ணைகளில், ஒரு விரலளவுகூட இல்லாத இந்த மீனைப் பிடித்து, அதன் உடலில் பல இடங்களில் ஊசி குத்திச் சாயம் ஏற்றினார்கள். அதன் உடல் அளவோடு ஒப்பிட்டால், அந்த ஊசி மனிதனுக்கு ஓர் எழுதுகோலைக் குத்துவதற்கு ஒப்பாகும். வேறு மீன்களை, அவற்றின் உடலைப் பாதுகாக்கும் வழவழப்பான படலம் அரிந்துபோகும்படி காரமான கரைசலில் முக்கி, பிறகு சாயத்தில் அமிழ்த்துவதும் உண்டு. சிலவற்றின் உடலில் லேசர் கதிரால் எழுத்தும் உருவமும் பொறிக்கிறார்கள்.

இந்தச் சாயம் சில வாரங்களிலோ மாதங்களிலோ மங்கிவிடும். ஒரே ஊசியைப் பல மீன்களுக்குப் பயன்படுத்துவதால் தொற்றும் பரவுகிறது. பிரிட்டனில் 1990-களில் மீன் வளர்ப்போர் பத்திரிகையாகிய 'பிராக்டிகல் ஃபிஷ்கீப்பிங்' இதை எதிர்த்துப் பிரசாரம் செய்தது. சாயமேற்றிய கண்ணாடி மீன்களிடையே, வெண்கட்டிகளை உண்டாக்கும் லிம்போசிஸ்டிஸ் என்னும் வைரஸ் நோய் அதிகமாகக் காணப்பட்டதை அது எடுத்துக்காட்டியது. இவ்வகை மீன்களை விற்பதில்லை என்று அங்குள்ள கடைகள் பல உறுதி கொடுத்தன. என் தொட்டியில் நான் கண்ட வெண்கட்டிகள் எவை என்பதை இதை வாசித்தபோதுதான் ஊகித்தேன்.

இரண்டாவது, கருநீலக் கோடுகளுடைய வரிமீன். ஆங்கிலத்தில் ஸீப்ரா மீன் என்பார்கள். 1999-இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள், ஒளிரும் புரதத்தை உண்டாக்கும் ஜெல்லிமீனின் மரபணுவை இதன் கருவுக்குள் செலுத்தினார்கள். நீரின் மாசைக் காட்டிக்கொடுக்கும் மீனை உருவாக்குவதே அவர்களது நோக்கமாயிருந்தது. ஆனால் 2003-இன் இறுதியில் அமெரிக்கச் சந்தையில் அது ஒளிரும் அலங்காரப் பொருளாக வந்தது. அவ்வாண்டில் கலிபோர்னியா மாநிலத்து ஆணையம், வெறும் வேடிக்கைக்காக ஓர் உயிரின் மரபை மாற்றலாமா என்ற அறக்கேள்வியை எழுப்பி அனுமதி மறுத்தது. பின்னாளில் அந்த மறுப்பு நீங்கிற்று. பிரேசிலில் பண்ணைகளிலிருந்து தப்பிய ஒளிரும் மீன்கள் ஓடைகளில் பெருகியிருப்பதை 2022-இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். நம் தேசத்தில், 1989-ஆம் ஆண்டு விதிகளின்படி, மரபணு மாற்றப்பட்ட உயிரை அரசின் அனுமதியின்றி இறக்குமதி செய்யவோ விற்கவோ கூடாது.

கலப்பினம் என்னும் கேள்வி

கலப்பின மீன்களைக் குறித்து இன்னும் நிதானமாகப் பேச வேண்டும். 1980-களில் தைவானில், மத்திய அமெரிக்காவின் இருவேறு சிக்லிட் மீன்களைக் கலந்து 'பேரட்' மீன் உருவாக்கப்பட்டது. ஆரஞ்சு நிறம், உருண்டை உடல், கிளிமூக்குப் போன்ற முகம் ஆகியவற்றைக் குழந்தைகள் விரும்புகிறார்கள். ஆனால் அதன் வாய் ஒரு சிறு கீறலாக மட்டுமே இருப்பதால் சரிவர மூடாது. கவ்வுவதற்கு இயலாமல் தொண்டையிலுள்ள பற்களாலேயே இரையை அரைக்கிறது. ஆண் மீன்களில் பெரும்பாலானவை மலடு. பெண் மீன் முட்டையிட்டு, அவற்றைக் காவல் காத்து, ஒன்றும் பொரிக்காமல் நிற்பதை அதை வளர்த்தவர்கள் கண்டிருப்பார்கள்.

1990-களில் மலேசியாவில் உருவான ஃபிளவர்ஹார்ன் வேறு வகை. அது வலிமையான மீன். அதன் நெற்றிப் புடைப்பு அதிர்ஷ்டம் தரும் என்ற நம்பிக்கையால் பெரும் விலைக்கு விற்றது. மோகம் தணிந்தபோது பலர் அதை ஆற்றிலும் ஏரியிலும் கொண்டு விட்டார்கள். அது அங்கே இயற்கை மீன்களுக்குப் பகையாயிற்று. நம் வீட்டிலும் வாஸ்துவை நம்பி இம்மீனை வாங்கிய சகோதரர் இருந்தால், தம் நம்பிக்கை எதன்மேல் நிற்கிறது என்று அவர் தம்மையே கேட்டுக்கொள்ளட்டும்.

வேதத்தில் லேவியராகமம் 19:19-ஐக் காட்டி, கலப்பினம் அனைத்தும் பாவம் என்று சிலர் முடித்துவிடுவார்கள். நான் அப்படிப் போதிக்க மாட்டேன். வெவ்வேறு இன மிருகங்களைக் கலக்கக் கூடாதென்று அங்கே இஸ்ரவேலருக்குக் கட்டளை உண்டு. ஆயினும் கழுதைக்கும் குதிரைக்கும் பிறக்கும் கோவேறு கழுதையின்மேல்தான் தாவீது தன் குமாரனாகிய சாலொமோனை ஏற்றி அனுப்பினான் (1 இராஜாக்கள் 1:33). ஆகையால் கலப்பு என்ற ஒன்றை மட்டும் வைத்து நாம் தீர்ப்புச் சொல்ல இயலாது. அந்தக் கோவேறு கழுதை நடந்தது, பாரம் சுமந்தது, மேய்ந்தது. அதன் உடல் அதற்கு எதிரியாகவில்லை. பேரட் மீனின் வாயோ அதற்கே எதிரியாக ஆக்கப்பட்டிருக்கிறது.

ஆதியாகமம் முதலாம் அதிகாரத்தைக் கவனியுங்கள். வேதத்தில் முதல் ஆசீர்வாதம் மனிதனுக்கு அருளப்பட்டதன்று. ஐந்தாம் நாளில் நீர்வாழ் உயிர்களுக்கும் பறவைகளுக்கும் அருளப்பட்டது. பலுகிப் பெருகி நீரை நிரப்ப வேண்டும் என்பதே அந்த ஆசீர்வாதம். மனிதன் தன் ஆளுகையைப் பெறுவதற்கு முன்பே மீன் தன் ஆசீர்வாதத்தைப் பெற்றுவிட்டது. நமக்குப் பின்னர் அளிக்கப்பட்ட ஆளுகை, முன்னர் அளிக்கப்பட்ட ஆசீர்வாதத்தைப் பறிப்பதற்கல்ல. நீதிமொழிகள் 12:10 நீதிமானின் அடையாளமாகத் தன் மிருகஜீவனின் நலத்தைக் குறித்த கரிசனையைச் சொல்லுகிறது. நினிவேயின்மேல் தேவன் இரங்கிய காரணங்களில் அங்கிருந்த மிருகங்களும் அடங்கும் (யோனா 4:11).

"ஐயா, நீங்கள் மீன் குழம்பு சாப்பிடுகிறீர்களே" என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்விதான். நான் சாப்பிடுகிறேன். உயிர்த்தெழுந்த ஆண்டவரும் சீஷர்களுக்குமுன் மீன் உண்டார் (லூக்கா 24). ஆனால் பசிக்காக ஓர் உயிரை எடுப்பதும், அலங்காரத்துக்காக ஓர் உயிரை நோயோடு வாழவைப்பதும் ஒன்றல்ல. உணவில் நமக்குத் தேவை ஒன்று இருக்கிறது. சாயத்தில் அப்படியொரு தேவை இல்லை. அந்த மீன் சாயமின்றியே அழகாயிருந்தது. மீனுக்கு வலி உண்டா என்று விஞ்ஞானிகள் இன்னும் விவாதிக்கிறார்கள் என்பது உண்மை. ஆயினும் 2003-இல் பிரிட்டனில் லின் ஸ்னெடன் குழுவினர், டிரவுட் மீனின் உதட்டில் எரிச்சலூட்டும் பொருளைச் செலுத்தியபோது, அது உண்ண மறுத்து, உதட்டைக் கூழாங்கற்களில் தேய்த்ததைக் கண்டார்கள். சந்தேகம் இருக்கும் இடத்தில் அதன் பலனை ஊசி பிடித்த கைக்குக் கொடுப்பதா, மீனுக்குக் கொடுப்பதா?

சட்டமும் சபையும்

நம் நாட்டுச் சட்டம் இதில் மௌனமாக இல்லை. கலைஞராகிய ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் எடுத்த முயற்சியின் விளைவாக, 1960-இல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. அதன்படி அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. மனிதன் அல்லாத எல்லா உயிரினத்தையும் அச்சட்டம் விலங்கு என்கிறது. மீனும் அதில் அடங்கும். தீங்கு செய்யும் பொருளை நியாயமின்றி ஒரு விலங்கினுள் செலுத்துவதை அது குற்றமாக்குகிறது. 2017 மே மாதம் மீன் தொட்டிக் கடைகளுக்கென்றே மத்திய அரசு தனி விதிகள் வெளியிட்டது. பிழைப்பு பாதிக்கும் என்று தொழில் செய்வோர் எதிர்த்தார்கள். விதிகள் திரும்பப் பெறப்பட்டன. அவர்களுடைய அச்சத்தை நான் இலேசாக எண்ணவில்லை. ஆனால் விதி நீங்கியதால் கேள்வி நீங்கிவிடவில்லை. அது கடைக்காரரின் மனச்சாட்சிக்கும், வாங்குகிறவரின் மனச்சாட்சிக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

ஆகவே, அன்புத் தம்பி, உனக்கு என் பதில் இது. சாயம் ஏற்றியதையும், உருவம் பொறித்ததையும் விற்காதே. சட்டம் அனுமதிக்காத ஒளிரும் மீனை வாங்கி வைக்காதே. வாய் மூடாத, நிமிர்ந்து நீந்தாத உடலோடு உருவாக்கப்பட்டவற்றைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடு. கப்பி, மோலி போன்றவற்றை விற்கத் தடையில்லை. எந்த மீன் எவ்வளவு வளரும், எவ்வளவு நீர் வேண்டும் என்பதை வாங்குகிறவருக்கு உண்மையாகச் சொல். வளர்க்க முடியாதபோது சங்கராபரணி ஆற்றிலோ கோட்டைக் குளத்திலோ விட வேண்டாம் என்று ஒரு பலகை எழுதி வை. தொட்டியைச் சுத்தம் செய்ய வாங்கிய 'டேங்க் கிளீனர்' மீன் இப்படித்தான் சென்னைப் பக்கத்து ஏரிகளில் பரவி, மீனவர்களின் வலையைக் கிழிக்கிறது.

இதனால் உன் லாபம் குறையும் என்பதை அறிவேன். அந்த நஷ்டத்தை உன்மேல் மட்டும் சுமத்திவிட்டு நாங்கள் ஆமென் சொல்லி வீட்டுக்குப் போவது நீதியாகாது. சபையாரே, பளபளப்பைக் கேட்டு வாங்குகிறவர்கள் நாமே. ஊசியைப் பிடித்த கைக்குக் கூலி கொடுத்தது நம் பணப்பை. தொட்டி வைக்க விரும்புகிறவர்கள் இத்தம்பியிடம் செல்லுங்கள்; சாதாரண மீனையே கேட்டு வாங்குங்கள். அவருடைய முதல் ஆண்டு வாடகையில் ஒரு பங்கைத் தாங்கக்கூடுமா என்று சபைக் கமிட்டியில் கேட்க இருக்கிறேன்.

அந்தப் பழைய ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் இன்று வளர்ந்து எங்கெங்கோ இருக்கிறார்கள். அவர்களில் எவரேனும் இதை வாசித்தால், நான் அன்று சொன்னது தவறு என்று அறியுங்கள். தேவன் அந்த மீனை ஒளி ஊடுருவும் தெளிவோடு படைத்தார். அதுவே போதுமானதாக இருந்தது.

திறப்பு நாளில் ஜெபிக்க வருகிறேன் என்று தம்பிக்குச் சொல்லியிருக்கிறேன். நீங்களும் வாருங்கள். கர்த்தர் நம் கண்களின் ஆசையைச் சுத்திகரித்து, நம் கைகளின் கிரியையை உறுதிப்படுத்துவாராக. ஆமென்.